தேர்த்துகளும் அரைக்காணிப் பிள்ளையாரும்

போன தை மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். தமிழர்கள் அந்தக் காலத்திலேயே அணுவைப் பிளந்து, அதற்குள்ளும் பிளந்து, கடைசியில் 'தேர்த்துகள்' என்ற ஒன்றில் போய் நின்றார்களாம். அதன் அளவு:

1 / 2323824530227200000000

'நானோ டெக்னாலஜி நம் முப்பாட்டன் சொத்து' என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே பெரியப்பாவே குரலில் பேசி அனுப்பியிருந்தார். "எல, பாத்தியா? நீங்க இப்பதான் கம்ப்யூட்டர்ல பண்ணுதீங்க. நம்மாளு ஓலையிலயே முடிச்சிட்டான்."

நான் அப்போது பெங்களூரில், இரவு பதினொரு மணிக்கு, ஓடாத ஒரு புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலோ என்னவோ, யோசிக்காமல் பதில் எழுதிவிட்டேன். "பெரியப்பா, இது அளவே இல்ல, வெறும் பின்னம். நானோவும் இல்ல, ஒண்ணும் இல்ல." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தப் பொம்மைதான் வினை.

பெரியப்பா பதில் போடவில்லை. அந்த வாரமும் போடவில்லை, அடுத்த வாரமும் இல்லை. அம்மா போனில் சொன்னாள். "பெரியம்மை சொல்லுதா, இஞ்சினியர் ஆனதும் அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டாம்."

எனக்கு எல்லாம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னால், அந்த எண்ணைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. வெறும் பின்னம் என்று அடித்துவிட்டேனே தவிர, எதனுடைய பின்னம், யார் எழுதியது, ஏன் இத்தனை இலக்கம் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. பெரியப்பா அந்த எண்ணை நம்பினார், நான் நம்பவில்லை. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. எனவே பார்க்க உட்கார்ந்தேன்.

*

முதலில் அதைப் பிரவுசர் கன்சோலில் ஒட்டி என்டர் தட்டினேன். 2.3238245302272 என்று எழுதி, பக்கத்தில் பத்தின் 21ஆம் அடுக்கு என்று குறி போட்டுக் காட்டியது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கம் அது. பத்தின் 21ஆம் அடுக்கைத் தொட்டுவிட்டால் முழு இலக்கங்களையும் எழுத மறுத்துவிடும்.

சாதாரணமாக நாங்கள் முழு எண்களைப் போட்டுவைக்கும் 64 பிட் பெட்டிக்குள்ளும் இது அடங்காது. அந்தப் பெட்டியின் கொள்ளளவைப்போல ஏறத்தாழ 126 மடங்கு. வேறு மாதிரிச் சொன்னால், இன்று உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் விளையும் நெல் சுமார் 80 கோடி டன். ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், இந்த எண்ணிக்கைக்கு நெல் சேர்க்க எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரிசிக் கடையில் நீங்கள் பார்க்கும் 'ஏ.எஸ்.டி. 16' அங்கே பிறந்த ரகம்தான். ஆகவே ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கை நெல்லில் போட்டுப் பார்ப்பதுதான் இயல்பு.

இவ்வளவு பெரிய எண்ணை யாரும் ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிடவில்லை. அது படிப்படியாக வந்தது. படிகள் 'கணக்கதிகாரம்' என்ற நூலில் இருக்கின்றன. கொறுக்கையூர்க் காரிநாயனார் பெயரில் வழங்கும் நூல் இது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. நிலம், பொன், நெல், அரிசி என்று அன்றாடம் ஒரு கணக்கனுக்கு வேண்டியதையெல்லாம் செய்யுளில் சொல்லித்தரும் நூல்.

ஏணி இப்படி இறங்குகிறது. ஒன்றை 320 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு முந்திரி. முந்திரியை மறுபடியும் 320 ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதில் 21இல் ஒன்று இம்மி. இம்மியில் 11இல் ஒன்று மும்மி. மும்மியில் 7இல் ஒன்று அணு. அணுவில் 9இல் ஒன்று குணம். பிறகு 5இல் ஒன்று பந்தம், 6இல் ஒன்று பாகம், 7இல் ஒன்று விந்தம், 17இல் ஒன்று நாகவிந்தம், 14இல் ஒன்று சிந்தை, 20இல் ஒன்று கதிர்முனை, 40இல் ஒன்று குரல்வளைப்படி, 60இல் ஒன்று வெள்ளம், 100இல் ஒன்று நுண்மணல். கடைசியாக, நுண்மணலில் ஆறரையில் ஒன்று தேர்த்துகள்.

எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தேன். 2323824530227200000000. ஒரு இலக்கம் பிசகவில்லை. ஃபார்வர்டு தயாரித்தவர் எண்ணைச் சரியாகத்தான் எடுத்திருந்தார். இரவு ஒரு மணிக்கு அது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

*

ஆனால் 'நானோ' விஷயம் வேறு.

தமிழ்க் கணக்கில் நீட்டலளவைக்கென்று தனியாக ஒரு வாய்பாடு உண்டு. 8 அணு ஒரு கதிர்த்துகள். அங்கிருந்து ஒவ்வொரு படியும் எட்டு எட்டாக ஏறும். பஞ்சுத்துகள், மயிர்முனை, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல். சில பெயர்கள் ஏட்டுக்கு ஏடு மாறும், எட்டு மாறாது. பிறகு 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு பாகம்.

எட்டுப் படி, ஒவ்வொன்றும் எட்டு. ஆக ஒரு விரலில் 1,67,77,216 அணு. கணினிக்காரர்கள் இந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டின் 24ஆம் அடுக்கு. உங்கள் போன் திரை காட்டக்கூடிய நிறங்களின் எண்ணிக்கை என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அதே எண்தான்.

இரண்டு வாய்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீட்டலளவையில் ஒரு நுண்மணலுக்குள் 4,096 அணு இருக்கிறது. பின்ன வாய்பாட்டில் நேர் எதிர். ஒரு அணுவுக்குள் 2,15,91,36,00,00,000 நுண்மணல் இருக்கிறது. ஓர் இடத்தில் மணல் பெரிது, அணு சிறிது. இன்னோர் இடத்தில் அணு பெரிது, மணல் இரண்டு லட்சம் கோடி மடங்கு சிறிது. பாகத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. ஒரு வாய்பாட்டில் அது ஆள் உயரம், இன்னொன்றில் ஒன்றை 4,470 கோடிக்கு மேல் கூறு போட்டதில் ஒரு கூறு.

இரண்டையும் பொருளின் பரிமாணமாக எடுத்தால் ஒன்று பொய்யாக வேண்டும். இரண்டும் பொய்யில்லை. பின்ன வாய்பாட்டில் அணு, மணல் என்பவை வெறும் பெயர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறுமைக்குப் பெயர் வேண்டும், மனுஷனுக்குத் தெரிந்த சின்னப் பொருள்களின் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். 'முந்திரி' என்றதும் முந்திரிப்பருப்பு ஞாபகம் வந்தால் அது நம் பிரச்சினை.

அந்த வாய்பாட்டின் அடியில் இருக்கும் 'ஒன்று' எதுவாகவும் இருக்கலாம். ஒரு வேலி நிலம், ஒரு காசு, ஒரு கலம் நெல். ஒரு காசின் தேர்த்துகள் எத்தனை நானோமீட்டர் என்று கேட்பது, ஒரு கிலோ சீனி எத்தனை மணி நேரம் என்று கேட்பதுபோல.

இதுவரை நான் சொன்னதுதான் சரி. பெரியப்பாவுக்கு ஒரு நீளமான விளக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் எண்ணைக் காரணிப்படுத்திப் பார்த்தேன்.

*

எந்தப் பெரிய எண்ணையும் புரிந்துகொள்ள, அதைப் பகா எண்களாக உடைத்துப் பார்ப்பதுதான் வழி. இந்த எண் உடைகிற விதம்:

22 இரண்டுகள், 5 மூன்றுகள், 8 ஐந்துகள், 4 ஏழுகள், ஒரு பதினொன்று, ஒரு பதின்மூன்று, ஒரு பதினேழு. அவ்வளவுதான். இவற்றைப் பெருக்கினால் அது.

எண்ணின் வாலில் ஏன் எட்டுப் பூஜ்யம்? எட்டு ஐந்துகள் எட்டு இரண்டுகளோடு சேர்ந்து எட்டுப் பத்துகள் ஆகின்றன. அதனால்தான். மிச்சம் இருக்கும் இரண்டுகளுக்கும் ஒரு பயன் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் இதை முழுதாக எழுத மறுத்தாலும், உள்ளே துல்லியமாகத்தான் வைத்திருக்கிறது. அடுக்கில் இரண்டுகளை ஒதுக்கிவிட்டால், மீதிப் பகுதி அதன் 53 பிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. முந்திரி தந்த இரண்டுகள் இந்த எண்ணைக் கணினிக்குள் காப்பாற்றுகின்றன.

இதன் வகுத்திகள், அதாவது மீதியில்லாமல் இதை வகுக்கும் எண்கள், 49,680. நான் எழுந்து உட்கார்ந்தது அதற்காக அல்ல. 2, 3, 5, 7, 11, 13, 17. முதல் ஏழு பகா எண்களும் இருக்கின்றன, நடுவில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதனால் இந்த எண் ஒன்றிலிருந்து பதினெட்டு வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். முதலில் முரண்டு பிடிப்பது 19.

இப்போது ஏணியைத் திரும்பப் பாருங்கள். 320 என்பதில் ஆறு இரண்டும் ஒரு ஐந்தும் மட்டுமே. இந்த 320 எப்படி வந்தது? தமிழில் பின்னங்கள் இரண்டு கிளையாக இறங்கும். பாதி பாதியாகப் போனால் அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான வீசம். இருபதில் தொடங்கினால் மா, அதில் பாதி அரைமா. பதினாறும் இருபதும் சந்திக்கும் இடம் எண்பது. அதுதான் காணி. ஒரு வீசம் 5 காணி, ஒரு மா 4 காணி. காணியில் பாதி அரைக்காணி, அதில் பாதி முந்திரி. நிலம், நெல், சம்பளம், எல்லாம் இதில் நடந்தது.

இந்த முறைக்கு ஒரே ஒரு நோய். மூன்றால் வகுபடாது. 320ஐ மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106, மீதி 2. கீழ்முந்திரிக்கு இறங்கி 1,02,400ஐப் பிரித்தாலும் மீதி 1. இன்னும் எத்தனை 'கீழ்' போட்டு இறங்கினாலும் மூன்று தீராது, ஏழும் தீராது. இரண்டையும் ஐந்தையும் எத்தனை முறை பெருக்கினாலும் மூன்று பிறக்காது.

கீழ்முந்திரிக்கு அடுத்த படி என்ன? 21. மூன்று பெருக்கல் ஏழு. ஒரே படியில் இரண்டு நோயும் தீர்ந்தது. இம்மி என்ற அலகு வந்ததும், மூன்று பேருக்கும் ஏழு பேருக்கும் கடைசிப் பொட்டு வரை சமமாகப் பிரிக்கலாம். அடுத்த படி 11. பதினொரு பங்காளிகளுக்கும் வழி வந்தாயிற்று. குணத்தின் 9 வந்ததும் ஒன்பதாலும் வகுபட்டது. நாகவிந்தத்தில் 17. விட்டுப்போனது 13 மட்டும்.

கடைசிப் படியை நான் முதலில் வாசித்தபோது கிறுக்குத்தனமாகத் தோன்றியது. ஆறரையாம். 21, 11, 7 என்று முழு எண்ணாக வந்த ஏணியில் கடைசிக் கம்பு மட்டும் எதற்கு அரையில் நிற்க வேண்டும்? ஆறரை என்பது பதின்மூன்றில் பாதி. 100இலிருந்து ஒரு இரண்டை வாங்கிக்கொண்டு அது 13ஐ உள்ளே விடுகிறது. அந்த அரை இல்லாவிட்டால் எண்ணில் பதின்மூன்று இருக்காது.

இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா? சத்தியமாகச் சொல்ல முடியாது. திட்டம் என்றால் ஏழு எதற்கு நான்கு முறை? 20, 40, 60, 100 என்ற படிகள் புதிதாக எந்தப் பகா எண்ணையும் கொண்டுவருவதில்லை. பதினெட்டு வரை வகுபட வேண்டும் என்பது மட்டும் நோக்கம் என்றால் 1,22,52,240 என்ற எட்டு இலக்க எண்ணே போதும். ஆனால் கீழ்முந்திரிக்கு நேர் கீழே 21 நிற்பது தற்செயல் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்கம் நெல் அளக்கும் கோட்டைக்கு 21 மரக்கால். ஒரு கோட்டை நெல்லை மூன்று வீட்டுக்குப் பிரித்தால் ஏழேழு மரக்கால். ஏழு வீட்டுக்குப் பிரித்தால் மும்மூன்று. மீதி கிடையாது. பிரித்துக் கொடுத்தே பழகிய கைக்கு 21இன் அருமை தெரிந்திருக்கும்.

*

வகுத்திகள் நிறைய உள்ள எண்கள் என்றதும் கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வர வேண்டும். ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை இதைப் பற்றியதுதான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைவிடவும் அதிக வகுத்திகள் கொண்ட எண்களை அவர் தேடினார். 12 அப்படி ஒன்று, 60 அப்படி, 5040 அப்படி. இவற்றில் பகா எண்கள் 2, 3, 5 என்று இடைவெளியில்லாமல் வர வேண்டும். அவற்றின் அடுக்குகள் ஏறக் கூடாது, இறங்கியோ சமமாகவோதான் போக வேண்டும்.

தேர்த்துகள் எண் முதல் பரீட்சையில் தேறிவிடுகிறது. இரண்டாவதில் தோற்கிறது. மூன்று ஐந்து முறைதான், ஐந்தோ எட்டு முறை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் அதே 49,680 வகுத்திகளோடு இதைவிடச் சின்ன எண் கிடைத்துவிடும். ஆக, ராமானுஜன் பட்டியலில் இதற்கு இடமில்லை.

அந்தப் பட்டியலிலும் ஒரு கதை உண்டு. கையால் போட்ட அந்த அட்டவணை 6746328388800 வரை போகிறது. நடுவில் ஒரே ஒரு எண்ணை ராமானுஜன் தவறவிட்டுவிட்டார். 293318625600. அதை உடைத்தால் இரண்டிலிருந்து 19 வரை எல்லாப் பகா எண்களும் வரிசையாக இருக்கின்றன. வகுத்திகள் எத்தனை என்று எண்ணினால் சரியாக 5040. அதுவும் அவர் பட்டியலில் உள்ள எண். 5040க்கு வகுத்திகள் 60. அதுவும் பட்டியலில் உண்டு. 60க்கு 12, 12க்கு 6. எல்லாமே பட்டியல்காரர்கள். இப்படி ஓர் எண்ணைப் போய் அவர் விட்டிருக்கிறார்.

இதைச் சொல்வதால் ராமானுஜன் ஒரு அங்குலம் குறைந்துவிட்டாரா? இல்லை, எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டார். பெரியப்பாவிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சிரிப்புப் பொம்மையை அல்ல.

*

ஏட்டு எண்ணைப் பார்த்தாயிற்று. கல்லில் இருக்கும் எண்கள் எப்படி?

எங்கள் ஊருக்குப் பழைய பெயர் இளங்கோக்குடி, முள்ளிநாட்டில் இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன், தொண்டைநாட்டில் பெண்ணைக் கரையில் அரைசூரில் தங்கியிருந்தபோது, இங்கே உள்ள திருப்போத்துடையார் கோயிலுக்கு 290 காசு கொடுத்தான். இளங்கோக்குடிச் சபையார் அந்தக் காசை வைத்துக்கொண்டு, காசுக்கு வருஷம் இரண்டு கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும். மொத்தம் 580 கலம். கல்வெட்டு வட்டெழுத்தில் இருக்கிறது. வெங்கையா அதைப் பதிப்பித்தார்.

290 என்பது இரண்டு, ஐந்து, இருபத்தொன்பது. 29 பகா எண். தேர்த்துகள் எண் முழுக்கத் தேடினாலும் 29 கிடையாது. கொடுக்கிறவன் காசு எண்ணும்போது வகுத்தி பார்த்துக் கொடுப்பதில்லை. முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் வரும், காசுக்கு இரண்டு கலம். அங்கே வகுத்தலே தேவைப்படவில்லை.

வகுத்தல் வெறி பிடித்த இடம் நிலவரி. ராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றி எழுதும் வரலாற்று நூல்களில் ஓர் எண் தவறாமல் வரும். ஒரு வேலியில் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை அளந்து வரி போட்டார்கள் என்று. உடைத்துப் பாருங்கள். இருபத்து நான்கு இரண்டு, ஐந்து ஐந்து. வேறு ஒன்றுமே இல்லை. 320ஐ நான்கு முறை பெருக்கி, மேலே ஒரு ஐந்து. மூன்று இல்லை, ஏழு இல்லை. இம்மி, மும்மி, நாகவிந்தம் எதுவும் அந்த எண்ணுக்குள் நுழையவில்லை. கீழ், கீழ், கீழ் என்று அதே 320ஐத்தான் மடக்கியிருக்கிறார்கள்.

ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். அதை இந்த எண்ணால் வகுத்தால் வருவது சுமார் அரை சதுர மில்லிமீட்டர். கடுகு உட்காரக்கூட இடம் பத்தாது. இதை எந்தக் கோல் வைத்தும் யாரும் அளந்திருக்க முடியாது. இது கணக்குப் போட்டதில் விழுந்தது. ஒரு நிலத்தில் இவ்வளவு கழித்து, இன்ன தரத்துக்கு இவ்வளவு பெருக்கி என்று போகப் போக, பின்னம் நீண்டுகொண்டே போகும். சோழக் கணக்கன் அதை வெட்டாமல் கடைசி வரை எழுதினான். அரை சதுர மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு அரசனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கூட்டல் சரியாக வர வேண்டும். அந்த மனுஷனை எனக்கு நன்றாகத் தெரியும். என் ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார், பைசா சுழியாகும் வரை வீட்டுக்குப் போகமாட்டார்.

ஆக, கல்லில் வாழ்ந்தது இரண்டும் ஐந்தும். ஏட்டில் மட்டும் மூன்றும் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் பதினேழும். தேர்த்துகள் என்பது யாரும் இறங்கிப் போய்த் தொட்ட ஆழம் இல்லை. மீதியே விழாத ஒரு பங்கீடு இருக்குமானால் அது எப்படி இருக்கும் என்று ஒரு வாத்தியார் கண்ட கனவு. நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் சொல்லி வளர்ந்த பிள்ளைகளின் நாக்கில் அந்தக் கனவு உருண்டிருக்கும். அந்தப் பள்ளிக்கூடங்களின் கணக்கைப் பற்றி து. செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

*

பிசான அறுவடை முடிந்த சமயம் ஊருக்குப் போனேன். பெரியப்பா திண்ணையில் இருந்தார். "வாடே" என்றார், முகத்தைப் பார்க்காமல். காப்பி வந்தது. நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஒரு பேப்பரில் ஏணியை எழுதிக் காட்டினேன். 21 ஏன் அங்கே நிற்கிறது, ஆறரை எப்படிப் பதின்மூன்றைக் கொண்டுவருகிறது, எல்லாம். மூன்று பேருக்கு முந்திரியைப் பிரிக்க முடியாது என்று சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்தார்.

"மூணு பேருக்கா?"

எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம். ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே தாத்தாவின் நோட்டு. தாத்தா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1957இல் நயாபைசா வந்த பிறகும் அவர் வாயில் வீசமும் மாகாணியும்தான். ஒரு அணா ஒரு வீசம் என்று அவருக்குக் கணக்கு ஒத்துப்போயிருந்தது, அரசாங்கம் வந்து கலைத்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது அந்தக் கணக்கை நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் காலேஜில் சி ப்ளஸ் ப்ளஸ் படித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் பழைய பின்னக் குறிகள். அவை 2019இல்தான் யூனிகோடில் ஏறின. முந்திரிக்கு ஒரு குறி, 'கீழ்' என்பதற்கேகூடத் தனியாக ஒரு குறி. என் போனில் எல்லாம் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. பெரியப்பா விரல் வைத்துப் படித்தார். அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த இரண்டு ஏக்கர் வயலைத் தாத்தாவும் அவர் தம்பிமார் இரண்டு பேரும் பிரித்துக்கொண்ட கணக்கு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே பங்கு எழுதியிருந்தது. கால், ஒன்றரை மா, அரைக்காணி.

மனசுக்குள் கூட்டினேன். கால் என்றால் 80 முந்திரி. ஒன்றரை மா 24. அரைக்காணி 2. மொத்தம் 106. மூன்று பேருக்கும் சேர்த்து 318.

"ரெண்டு முந்திரி மிச்சம் வருதே பெரியப்பா. கீழ்முந்திரிக்கு எறங்கலையா?"

"எதுக்கு எறங்கணும்? கீழ பாரு."

கடைசி வரி. 'பிள்ளையாருக்கு அரைக்காணி.'

அந்த வயலின் மூலையில், வாய்க்கால் மேட்டில், வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. சின்ன வயசில் ஆச்சி என்னைக் கூட்டிப்போய் விளக்கேற்றுவாள். "அரைக்காணிப் பிள்ளையார கும்பிட்டுக்கோ" என்பாள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயர். ஏன் அரைக்காணி என்று யாரும் கேட்டதில்லை, ஏதோ ஊர்ப் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு ஏக்கரில் நூற்றறுபதில் ஒரு பங்கு, ஒன்றேகால் சென்ட். மூன்று அண்ணன் தம்பிகளுக்குள் தீராத மீதி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து போய்ப் பார்த்தோம். அறுத்த தாளின் வாசம். பிள்ளையார் மேல் யாரோ செம்பருத்தி வைத்திருந்தார்கள். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, போனை எடுத்தார்.

"எல, அந்த பதிமூணு சமாச்சாரத்த நல்லா தெளிவா எழுதிக் கொடு. குரூப்புல போடுதேன்."

"நானோ வேண்டாம் பெரியப்பா."

"நானோ வேண்டாம். ஆறரைய போடு."